சம்பளம் இல்லாத 20 வாரங்கள்
பள்ளிக்கூடப் பயிற்சிக்குப் போகும் பி.எட். மாணவர்களின் நிலை என்ன?

ஆசிரியர் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு அடிபடுகிறது. பி.எட். படிப்பு ஒரு வருடமா, இரண்டு வருடமா, நான்கு வருடமா என்று டெல்லியில் விதிகளைத் திருத்தி எழுதுகிறார்கள். தகுதித் தேர்வு யாருக்குக் கட்டாயம் என்பதில் சுப்ரீம் கோர்ட்டு அடுத்தடுத்துத் தீர்ப்புச் சொல்லி இருக்கிறது.

இத்தனை பேச்சிலும் ஒரு விஷயம் மட்டும் வெளியே வரவில்லை. அதுதான் பள்ளிக்கூடப் பயிற்சி.

ஆசிரியர் ஆகப்போகிறவர் கல்லூரி வகுப்பை விட்டு இறங்கி, உண்மையான பள்ளியில், உண்மையான பிள்ளைகள் முன்னால் நிற்கிற காலம் அது. படிப்பின் உயிர்நாடியே அதுதான். ஆனால் அந்தக் காலத்தில் அவர் மாணவரும் அல்ல, ஆசிரியரும் அல்ல. பெற்றோர் பணத்தில் பஸ், ரயில் ஏறி, பள்ளிக்கு உழைத்துவிட்டு வருகிறார்.

மும்பைத் தமிழர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. தாராவி, சயான், ஆண்டாப் ஹில், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதிகளில், தகப்பனார் தோல் பட்டறையிலோ, இட்லி வியாபாரத்திலோ, தனியார் ஆபீஸ் கணக்கு மேஜையிலோ காலம் தள்ளியிருப்பார். மகள் பட்டம் வாங்கியதும், "டீச்சர் உத்தியோகம் கவுரவமானது; கல்யாணத்துக்குப் பிறகும் செய்யலாம்" என்று பி.எட். சேர்த்து விடுகிறார். சேர்த்த பிறகுதான் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது என்று தெரிகிறது.

20 வாரம் வந்த கதை

முன்பு பி.எட். ஒரே வருடப் படிப்பு. பள்ளிக்குப் போய்ச் சில பாடங்கள் நடத்திக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்ற நிலை இருந்தது. கல்லூரி ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்று ஆசிரியர் பயிற்சி தனித்துக் கிடக்கிறது என்று 1964-66-ல் இயங்கிய கோத்தாரி கமிஷனே குறை சொன்னது. அந்தக் குறை அரை நூற்றாண்டு அப்படியே இருந்தது.

மாற்றத்துக்குக் காரணமாக இருந்தது மராட்டிய மாநிலமே. 2008-ல் இங்கே நூற்றுக்கணக்கான தனியார் டி.எட். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்த விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, முன்னாள் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் கமிஷன் அமைத்தது. 2012-ல் அறிக்கை வந்தது. கல்லூரிகளின் தரத்தையும் பயிற்சியின் போக்கையும் அது கடுமையாக விமர்சித்தது. பயிற்சிக் காலத்தை நீட்ட வேண்டும் என்றது.

அதன்பின் தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ல் புதிய விதிகள் போட்டது. 2015-16 கல்வி ஆண்டு முதல் பி.எட். இரண்டு வருடம் ஆனது. பள்ளிக்கூடப் பயிற்சி குறைந்தது 20 வாரம். முதல் வருடம் 4 வாரம். இரண்டாம் வருடம் 16 வாரம். கல்லூரிப் பாடங்களுக்கு 80 சதவீத வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். முதலில் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பிறகு பாடம் நடத்த வேண்டும்.

விதியில் குறை இல்லை. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது. ஆனால் விதியை எழுதியவர்கள் ஒன்றை எழுதாமல் விட்டார்கள். அந்த 20 வாரம் பயிற்சியாளர் எதை வைத்துச் சாப்பிடுவது?

பயிற்சியாளரின் ஒரு நாள்

மும்பையில் பல பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டில் நடக்கின்றன. காலை ஷிப்டுக்கு டோம்பிவிலியில் இருந்து தாதருக்கு வர வேண்டிய பெண், விடியும் முன்பே எழுந்து லோக்கல் ரயிலைப் பிடிக்கிறாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையில் சுருட்டிய சார்ட். கூட்டத்தில் அந்தச் சார்ட் கசங்காமல் வந்து சேர்ந்தாலே பாதிப் பாடம் நடத்திய மாதிரி.

பிரார்த்தனைக்கு முன்பு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பிறகு வழிகாட்டி ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்று எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று கேட்டுக்கொண்டு, முந்தின இரவு எழுதிய பாடக்குறிப்பைக் காட்ட வேண்டும். நோக்கம், துணைக்கருவி, ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீட்டுக் கேள்வி என்று கட்டம் போட்டு எழுதிய குறிப்பு அது. அதில் கையெழுத்து விழாமல் வகுப்புக்குள் போக முடியாது.

வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எடை போட்டு விடுவார்கள். இவர் நிஜ டீச்சர் அல்ல, பரீட்சை போட மாட்டார், மார்க் குறைக்க மாட்டார் என்று முதல் 5 நிமிடத்திலேயே அவர்களுக்குத் தெரிந்து விடும். பின் பெஞ்சில் சலசலப்பு ஆரம்பம் ஆகும். கடைசி வரிசையில் கல்லூரிப் பேராசிரியை உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறார். தொண்டை வறள்கிறது. 35 நிமிடத்துக்கு எழுதிய பாடம் 20 நிமிடத்தில் தீர்ந்து போகிறது. அல்லது மணி அடிக்கும்போது பாதியில் நிற்கிறது.

இது ஒன்றும் அவமானம் அல்ல. எல்லா ஆசிரியரும் கடந்து வந்த படிதான். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, கரும்பலகையில் எழுதும்போதும் வகுப்பைக் கவனிப்பது, அடங்காத பையனை அடிக்காமல் வழிக்குக் கொண்டுவருவது எல்லாம் புத்தகத்தில் வராது. குழந்தையை அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. பிரம்பு இல்லாமல் வகுப்பை நடத்தும் வித்தையைப் பழகுவதற்கான இடம் இந்தப் பயிற்சிதான்.

காலி வகுப்புக்கு ஆள்

ஆனால் பயிற்சி இந்த வித்தையோடு நிற்பது இல்லை.

ஒரு ஆசிரியர் லீவு. வகுப்பு காலியாக இருக்கிறது. தலைமை ஆசிரியருக்கு உடனே ஞாபகம் வருவது பயிற்சிக்கு வந்தவர்கள். "அந்த வகுப்பில் போய் உட்காருங்கள்" என்கிறார். பள்ளியில் இதற்கு "பிராக்சி பீரியடு" என்று பெயர். பாடம் இல்லை, குறிப்பு இல்லை, கவனித்துத் திருத்த ஆளும் இல்லை. பிள்ளைகள் கத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்று ஒரு பீரியடு, நாளை இரண்டு. நோட்டுத் திருத்துவது, பரீட்சை அறையில் மேற்பார்வை, விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுவது, அறிவிப்புப் பலகை அலங்காரம் என்று வேலை நீளும். இவற்றிலும் கற்க விஷயம் உண்டு. பள்ளி என்றால் பாடம் மட்டும் அல்ல. ஆனால் பாடம் நடத்தும் நேரத்தைவிட இந்த வேலை நேரம் அதிகம் ஆகிவிட்டால் அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. காலி இடத்தை இனாமாக நிரப்பும் வேலை அது.

ஏன் இப்படி? பள்ளிகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், நடுநிலை வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று கணக்குச் சொல்கிறது. அதே சட்டம் மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்பலாம் என்றும் இடம் கொடுக்கிறது. இடம் காலியாக இருக்கும். இருக்கிறவரும் தேர்தல் வேலைக்குப் போவார். தலைமை ஆசிரியர் யாரைத்தான் வகுப்புக்கு அனுப்புவார்? கையில் கிடைத்த பயிற்சியாளரை அனுப்புகிறார்.

வழிகாட்டி ஆசிரியரின் நிலையும் இதேதான். தன் வகுப்பு, தன் நோட்டு, தன் ஆன்லைன் பதிவு வேலைகளுக்கு மேல் இதுவும் ஒன்று. இதற்கென்று அவருக்குப் பாடவேளையைக் குறைப்பது வழக்கத்தில் இல்லை. நல்ல மனசு உள்ளவர் சொல்லித் தருகிறார். மற்றவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்.

செலவு யார் தலையில்?

இங்கேதான் உழைக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி செய்கிறார். அவருக்கு உதவித்தொகை உண்டு. தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேருகிற பையனுக்கு 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 2019-ல் திருத்திய விதியில் பட்டதாரி அப்ரண்டிசுக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2024-ல் மராட்டிய அரசு கொண்டுவந்த முதல்-மந்திரி இளைஞர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிக்கு மாதம் 10,000 ரூபாய் அறிவித்தார்கள்.

பி.எட். பயிற்சியாளரும் பட்டதாரிதான். அவரும் வேலை செய்யும் இடத்தில்தான் பழகுகிறார். ஆனால் 2014 விதிகளில் அவருக்கு ஒரு பைசா கொடுக்க வழி சொல்லப்படவில்லை. அவர் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிவிட்டு வந்து உழைக்கிறார். ரயில் பாஸ், சார்ட், கலர் பேனா, ரெக்கார்டு நோட்டு, பிரிண்ட் எடுக்கும் செலவு எல்லாம் வீட்டின் தலையில்.

90 சதவீத வருகை வேண்டும் என்பதால் பகலில் வேறு வேலை பார்க்க முடியாது. மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். இரவு 10 மணிக்குப் பிறகு மறுநாள் பாடக்குறிப்பு எழுதுகிறார்கள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுக்கும் வீட்டில், விளக்கு எரிந்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் இல்லை.

வசதி உள்ள வீட்டுப் பெண் இந்த 20 வாரத்தைக் கஷ்டம் இல்லாமல் கடப்பாள். வசதி இல்லாதவள் குறுக்கு வழி தேடுவாள். "வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று ஆசை காட்டும் புரோக்கர்களுக்கு இங்கேதான் வியாபாரம் சூடு பிடிக்கிறது. பள்ளிக்குப் போகாமலே போனதாகச் சான்றிதழ். நடத்தாத பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டு. இப்படி வாங்கிய பட்டம், நேர்முகத் தேர்வில் "10 நிமிடம் பாடம் நடத்திக் காட்டுங்கள்" என்று சொன்ன உடனே பல் இளித்துவிடும். அந்தப் பட்டத்தோடு வேலைக்கே வந்துவிட்டால், நஷ்டம் ஏதும் அறியாத பிள்ளைகளுக்கு.

மார்க் இல்லாத திறமை

மும்பையில் தமிழர்கள் கல்விப் பணிக்கு வந்தது நேற்று அல்ல. 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிப் பள்ளி நடத்தியது. தாராவி போன்ற இடங்களில் மாநகராட்சியே தமிழ் வழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று 8 மொழிகளில் பாடம் சொல்லும் மாநகராட்சி இது.

இந்த நகரத்து வகுப்பறையில் தமிழ்ப் பயிற்சியாளருக்குக் கஷ்டமும் உண்டு, பலமும் உண்டு.

கஷ்டம் மராத்தி. 2020-ல் வந்த சட்டப்படி மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். ஆங்கில வழிப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனாலும், ஆசிரியர் அறைப் பேச்சும் பெற்றோர் கூட்டமும் மராத்தியிலோ இந்தியிலோ நடக்கும். மராத்தி சரளமாக வராதவர் அங்கே வாயடைத்து நிற்க வேண்டியதுதான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஊரில் இருந்து கல்யாணமாகி வந்து பி.எட். சேருகிற பெண்களுக்கு அதிகம்.

பலம் என்ன? திருநெல்வேலியில் இருந்தோ விழுப்புரத்தில் இருந்தோ புதிதாக வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன் ஆங்கில வழி வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். "மந்தம்" என்று முத்திரை குத்தி விடுவார்கள். தமிழ் தெரிந்த பயிற்சியாளர் அவன் பக்கத்தில் குனிந்து ஒரு வார்த்தை தமிழில் விளக்கினால், கணக்கு அவனுக்குத் தெரியும், கேள்விதான் புரியவில்லை என்பது வெளிப்படும். முடிந்தவரை 5-ம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதை ஒரு வகுப்பில் நடத்திக் காட்டுகிறார் இந்தப் பயிற்சியாளர். ஆனால் பாடக்குறிப்புப் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. மார்க்கும் கிடையாது.

பட்டம் வாங்கிய பிறகு

பயிற்சி முடிந்து பட்டம் கைக்கு வந்தாலும் வேலை வந்துவிடாது. இதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு ஆசிரியர் ஆக, தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். 2010-ல் வந்த உத்தரவு இது. மொத்தம் 150 மார்க். பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 60 சதவீதம். ஒரு முறை வெற்றி பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021-ல் மாற்றினார்கள்.

இரண்டாவது, பி.எட். படித்தவர் 1 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு ஆசிரியர் ஆக முடியாது. 2018-ல் இதற்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்று 2023 ஆகஸ்டு 11-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தனி வித்தை, அதற்கு டி.எல்.எட். போன்ற தொடக்கக் கல்விப் பயிற்சி வேண்டும் என்பதே அதன் சாரம். தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆக ஆசைப்பட்டு பி.எட். சேருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறான ரயிலில் ஏறுவது போல.

மூன்றாவது, 2025 செப்டம்பர் 1-ந்தேதி வந்த தீர்ப்பு. தமிழ்நாட்டில் இருந்தும் மராட்டியத்தில் இருந்தும் போன வழக்குகள் அவை. ஓய்வு பெற 5 வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள், ஏற்கனவே வேலையில் இருந்தாலும், 2 வருடத்துக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பயிற்சியாளருக்குப் பாடம் சொல்லித் தரும் மூத்த ஆசிரியரே பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நிலை வந்தது.

இவற்றையெல்லாம் தாண்டி மராட்டிய மாநிலத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் இடம் கிடைத்தாலும், முதல் 3 வருடம் "சிக்ஷண் சேவக்" என்ற பெயரில் தொகுப்பு ஊதியம்தான். 2023-ல் அதை உயர்த்தி, தொடக்கப் பள்ளிக்கு 16,000, உயர்நிலைக்கு 18,000, மேல்நிலைக்கு 20,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பு 6,000 முதல் 9,000 வரைதான் இருந்தது.

ஒன்றா, இரண்டா, நான்கா?

2020 கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்கு வருட ஒருங்கிணைந்த பி.எட். படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி ஆக வேண்டும் என்கிறது. பிளஸ்-2 முடித்ததும் சேரலாம். 2023-24-ல் 57 கல்வி நிறுவனங்களில் இதைத் தொடங்கினார்கள். பட்டமும் பி.எட்.டும் தனித்தனியாகப் படித்தால் 5 வருடம். இதில் 4 வருடம். ஒரு வருடச் செலவு மிச்சம். பிளஸ்-2 படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு வருட முறை நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1960-களில் மைசூர் முதலான நான்கு ஊர்களில் தொடங்கிய வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் இதைச் செய்து காட்டின.

நான்கு வருடப் பட்டம் அல்லது எம்.ஏ. போன்ற மேல்பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு வருட பி.எட். என்ற யோசனை 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு விதிகளில் இடம் பெற்றது. காசும் காலமும் மிச்சம் என்று பலர் வரவேற்றார்கள். நியாயம்தான். ஆனால் படிப்பைச் சுருக்கும்போது எதை வெட்டுவது என்பதே கேள்வி. கத்தி பள்ளிக்கூடப் பயிற்சியின் மேல் விழுந்தால், பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாகிவிடும்.

என்ன செய்யலாம்?

வழி இல்லாமல் இல்லை. மூன்று காரியங்கள் செய்தால் பாதிக் குறை தீரும்.

பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் ஒரு உதவித்தொகை. அப்ரண்டிசுக்குக் கிடைப்பது பயிற்சி ஆசிரியருக்கும் கிடைக்க வேண்டும். முழுத் தொகை முடியாது என்றால் ரயில் பாசும் சாப்பாட்டுச் செலவும் ஆவது தரலாம்.

வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்து, பயிற்சியாளரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். நேரம் கொடுக்காமல் வழி காட்டச் சொல்வது நியாயம் அல்ல.

பிராக்சி பீரியடுக்கு ஒரு வரம்பு வேண்டும். வாரத்துக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று கல்லூரியும் பள்ளியும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். கல்லூரியில் பணம் கட்டும் முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள். "பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவீர்கள்? வாரத்தில் எத்தனை நாள் உங்கள் ஆசிரியர் வந்து பார்ப்பார்?" இதற்கு நேரான பதில் சொல்கிற கல்லூரியில் சேருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரிக்கிற இடத்தை விட்டு எழுந்து வந்து விடுங்கள்.

வீட்டில் ஒரு பெண் பயிற்சிக்குப் போகிறாள் என்றால், அந்த 20 வாரம் அவளுக்கு வீட்டு வேலையைக் குறைப்பதும் உதவித்தொகைதான். அதைக் கொடுக்க எந்தச் சட்டமும் வர வேண்டியது இல்லை.